பூமியின் வெப்பமும் பொகவந்தலாவையின் அரைப்பேரும்

பிரேசிலின் பெலேம் நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் 30 ஆவது காலநிலை மாநாடு 2025 நவம்பரில் நடைபெற்றது. அது முடிவடைந்து ஒரு வாரம் நிறைவடைவதற்குள் டித்வா சூறாவளி எமது நாட்டைத் தாக்கியது. 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து மக்களை மூடின. காலநிலை மாற்றம் என்பது வெளிநாட்டுச் செய்திப் பக்கத்திற்குரிய விடயம் என எண்ணியிருந்தோருக்கு அந்த எண்ணம் தவறானது என்பதை இயற்கையே கொடூரமாக உணர்த்தியது.

எனினும், சூறாவளி வந்தால் மட்டுமே சுற்றாடலைப் பற்றிப் பேசுவது எமது வழக்கமாகிவிட்டது. பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இப்பிரச்சினை நாளாந்தம் முகங்கொடுக்கும் ஒன்றாகும். தேயிலைச் செடி, மழையும் வெயிலும் உரிய காலத்தில் உரிய அளவில் கிடைத்தால் மாத்திரமே துளிர்க்கும். வரட்சி நீடித்தால் கொழுந்து குன்றுகின்றது. அடைமழை பெய்தால் மலைக்குச் செல்ல முடிவதில்லை. செடியின் அடிமண்ணும் கரைந்தோடுகின்றது. நிர்ணயிக்கப்பட்ட கிலோ நிறையாவிடின் அரைப்பேர் மட்டுமே பதியப்படுகின்றது என்பது தோட்டங்களில் நெடுங்காலமாக எழும் முறைப்பாடாகும். அரைப்பேர் கூடினால் ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் கடை நடத்தும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களின் கடன் கொப்பிகளும் தடிக்கின்றன. பூமி வெப்பமடைவதன் விலை இவ்வாறுதான் எமது அடுப்பங்கரை வரை வந்து சேர்கின்றது.

இந்நிலைமைக்கு யார் பொறுப்பு? உலகில் வெளியேற்றப்படும் கரியமில வாயுவில் இலங்கையின் பங்கு ஒரு வீதத்தைவிட மிகக் குறைவானது. அதிலும் லயன் அறையில் விறகடுப்பும் இரண்டு மின்குமிழ்களுமாக வாழும் குடும்பத்தின் பங்கு கணக்கில் எடுக்கத்தக்கதன்று. 2022 இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷெய்க் மாநாட்டில் இழப்பு மற்றும் சேதங்களுக்கான நிதியத்தை அமைக்க இணக்கம் காணப்பட்டதும் இந்த அநீதியை உலகம் ஓரளவேனும் ஏற்றுக்கொண்டதனாலேயே ஆகும். அந்நிதியிலிருந்து நாட்டுக்கு உதவி கிடைக்குமாயின் அது லயன் அறைகளையும் எட்ட வேண்டும் எனக் கேட்பது பிச்சையன்று, உரிமையாகும்.

ஆனால், பிறரைக் குற்றஞ்சாட்டுவதுடன் எமது பொறுப்பு முடிவடைந்துவிடாது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினூடாகப் பாயும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது. அந்நீர் மின்சாரத்தை உற்பத்தி செய்த பின்னர் களனி கங்கையாகித் தலைநகர் மக்களின் குடிநீராகின்றது. இந்த ஆற்றின் கரைகளைத்தான் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வோர் தோண்டிச் சிதைக்கின்றனர். கான்களில் வீசப்படும் பொலித்தீன் பைகளும், மலைகளில் தெளிக்கப்படும் களைகொல்லியின் எச்சமும் இதே ஆற்றையே சேர்கின்றன. மேட்டில் நாம் கழுவிவிடும் அழுக்கு கொழும்பிலுள்ள எமது உறவினரின் தண்ணீர்க் குழாயை நோக்கியே பயணிக்கின்றது என்பதை மறத்தலாகாது.

அதேவேளை, சுற்றாடலின் பெயரால் மேலிருந்து திணிக்கப்படும் அவசர முடிவுகளும் ஆபத்தானவையே. 2015 இல் கிளைபோசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரம் நிறுத்தப்பட்டது; சில மாதங்களிலேயே அத்தீர்மானமும் கைவிடப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ச்சியடைந்தது. இத்தீர்மானங்களில் எதுவும் மலையில் நின்று வேலை செய்யும் தொழிலாளியைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று. நட்டத்தில் மாத்திரம் அவருக்குப் பங்கு வழங்கப்பட்டது.

இவை அனைத்திலும் அடிப்படையானது காணிப் பிரச்சினையே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டன. அங்கு அபாயம் இருப்பதாக முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எழுந்து செல்லுங்கள் என்று கூறுவது எளிது. எங்கே செல்வது என்பதற்கே விடை இருக்கவில்லை. தலைமுறைகள் கடந்தும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்குத் தாம் வாழும் நிலம் சொந்தமில்லை. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற வாக்குறுதி சிலருக்கே கைகூடியுள்ளது. மரம் நடுங்கள் என்று பாடசாலையில் பிள்ளைக்குப் போதிக்கின்றோம். தனக்கென ஒரு சாண் நிலமில்லாத வீட்டுப் பிள்ளை அம்மரத்தை எங்கே நடும்?

எனவே, அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் செய்யவேண்டியவை தெளிவானவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் தமிழில், உரிய நேரத்தில், ஒவ்வொரு லயனுக்கும் சென்றடைய வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் கான்களைத் துப்புரவு செய்து, வெற்று மேடுகளில் மண்காப்புப் பயிர்களை வளர்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் வரட்சியாலும் மழையாலும் இழக்கப்படும் பேர்களையும் ஒரு கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். அபாய வலயத்திலுள்ளோருக்குப் பாதுகாப்பான காணி, உறுதிப் பத்திரத்துடன் வழங்கப்பட வேண்டும். ஆற்றையும் கான்களையும் குப்பைமேடாக்காதிருக்கக் கோயில்களும் பள்ளிவாசல்களும் கடைவீதிகளும் இன்றே முன்வரலாம். இதற்கு எவரது அனுமதியும் தேவையில்லை.

உலக மாநாடுகள் இனியும் கூடும், கலையும். ஆனால் மலையடிவாரத்தில் உறங்கும் குடும்பத்துக்கு அடுத்த மாநாடுவரை காத்திருக்க அவகாசமில்லை. மழை மேகம் திரளுமுன் அவர்களுக்குப் பத்திரமான ஒரு துண்டு நிலத்தை வழங்குவதே, எமது நாடு பூமியின் பாதுகாப்புக்குச் செய்யக்கூடிய முதற் பணியாகும்.