பேட்டி கொடுப்பதும் காவல் பணியே

2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கு வெடித்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் செய்தியாளர்களிடம் சொன்னவர் மாவட்டக் காவல் துறையின் தலைமை அதிகாரி. அப்படிச் சொல்வது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு அப்போதே தெளிவாகக் கூறியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வழக்கில் மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் 25 லட்சம் ரூபாயை இடைக்கால இழப்பீடாக அறிவித்தது. தகவலைக் கையாளும் முறையில் இப்படி அடுத்தடுத்துச் சறுக்கும் துறையில், தனி நபரின் கவனக்குறைவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஊடகங்களை எதிர்கொள்ளப் போதிய பயிற்சி இல்லை என்பதுதான் உண்மையான குறை.

இந்தக் குறை வழக்கையே பலவீனப்படுத்துகிறது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவு. ஆனால், நீதிமன்றம் ஏற்காத அதே பேச்சு மறுநாள் காலை 'பரபரப்பு வாக்குமூலம்' என்று தலைப்புச் செய்தியாகிறது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு பிடிபட்டவரின் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தொலைக்காட்சியில் பார்த்த முகத்தைச் சாட்சி அடையாள அணிவகுப்பில் காட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம்.

நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. பொறுப்பளிக்கப்பட்ட அதிகாரி மட்டுமே பேச வேண்டும், கைதானவர்களைக் காட்சிப்படுத்தக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010-லேயே அறிவுறுத்தியது. 2023 செப்டம்பரில், ஊடகச் சந்திப்புகளுக்கு விரிவான கையேடு தயாரிக்குமாறு அதே அமைச்சகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், நாலாபுறமும் மைக்குகள் நீளும் நேரத்தில் கையேட்டைப் புரட்ட முடியாது. பழகிய நாக்குதான் கைகொடுக்கும்.

அதற்குப் பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்பார்கள் பலர். 2023 தொடக்கத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் காவல் துறை அதற்குப் பதில் தந்துவிட்டது. காணாமல்போன பெண் ஒருவரைப் பற்றிய தகவல் இடைவெளியை வதந்திகள் நிரப்பின. நெருக்கடி முற்றியதும் காவல் துறையே அவருடைய உடல்நல அந்தரங்கத்தை வெளியிட்டது. அது தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது என்று பின்னர் நடந்த சுயேச்சையான ஆய்வு கண்டித்தது. மௌனமும் உளறலும் ஒரே பயிற்சிக் குறையின் இரு விளைவுகள்.

பயிற்சி கொடுத்தால் காவல் துறை உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்ளும் என்ற அச்சமும் நியாயமானதே. காவல் மரணங்களைக் கண்ட மாநிலத்தில் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆகவே பாடத்திட்டத்தைக் காவல் துறை மட்டும் எழுதக் கூடாது. வழக்கறிஞர்களும் குற்றச் செய்தியாளர்களும் கற்பிக்க வேண்டும். துறையின் பெயரைக் காப்பாற்றச் சொல்லித் தருவது விளம்பரம். எது தெரியும், எது இன்னும் தெரியாது, எதைச் சட்டப்படி சொல்லக் கூடாது என்று பிரித்துச் சொல்ல வைப்பதே பயிற்சி.

இது உயரதிகாரிகளோடு நின்றுவிடவும் கூடாது. சம்பவ இடத்தில் நிருபரின் முதல் கேள்வியை எதிர்கொள்பவர் ஆய்வாளர்தான். ஊனமாஞ்சேரி காவலர் உயர் பயிற்சியகத்தில் நாளைய ஆய்வாளர்களான உதவி ஆய்வாளர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கட்டாயம். வாய்தவறும் ஒரு பெயரும் ஒரு வாழ்க்கையைக் குலைக்கும் என்பதால், மாதிரிச் செய்தியாளர் சந்திப்பும் அங்கே கட்டாயத் தேர்வாக வேண்டும்.