எண்ணெய்க் குளியல் வேண்டாம்... ஒரு சொட்டு போதும்!

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? பத்தில் மூன்றை உடைத்துவிட்டு, 'துப்பாக்கியிலதான் ஏதோ கோளாறு' என்று சமாளித்தபடி சுண்டல் வாங்கப் போவோமே... அந்த ரகம்தான் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்.

சுடும் பயிற்சிக்குப் போகும் அக்கா மகன் போன மாதம் போன் செய்தான். "மாமா, ஆயில் விட்டதும் ரைஃபிளுக்குப் பவர் ஏறிடுச்சு. பட்டாசு மாதிரி சத்தம். புகைகூட வருது!" என்றான் குஷியாக.

"முதல்ல அதைக் கீழே வை" என்றேன். பையன் செய்த காரியம் இதுதான்: அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை, காற்று வரும் துளைக்குள் பத்து சொட்டு விட்டிருக்கிறான்.

இந்தத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய் நிற்கும். ட்ரிக்கரை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா? நெருக்கினால் காற்று சூடாகும். இங்கே அது கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் சூடு மிக அதிகம். சாதாரண எண்ணெய் அங்கே இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் ஓடுவதும் இதே முறையில்தான். அதனால் இதற்கு 'டீசலிங்' என்றே பெயர். பையன் பவர் என்று நினைத்தது இந்தத் தீயைத்தான். தொடர்ந்தால் சீல் கருகும், ஸ்பிரிங் உடையும்.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா? வேண்டும், இடம் பார்த்து. தொடுவதற்கு முன் உள்ளே பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கீல்: குழல் மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் ஆயில், அல்லது துளி மாலிப்டினம் கிரீஸ்.

வெளி இரும்பு: கை வியர்வையின் உப்பே துருவுக்குப் போதும். கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். சுட்டு முடித்ததும், லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள்.

காற்றறை: கையேடு சொன்னால் மட்டும், அதில் சொன்ன சிலிக்கோன் ஆயில், சொன்ன அளவு. பழைய தோல் வாஷர் அவ்வப்போது எண்ணெய் கேட்கும். இன்றைய செயற்கை சீலுக்கு அது அபூர்வமாகவே தேவை. சிலிக்கோன் ஆயிலை ஸ்பிரிங்குக்கோ கீலுக்கோ விடாதீர்கள். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது தாங்காது.

ஸ்குரூ: ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி அதிரும். மரக்கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் மெள்ளக் கழலும். குறி தப்பினால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

குழல்: அடிக்கடி சுத்தம் செய்யத் தேவையில்லை. செய்தால், மெல்லிய துணியைப் பின்பக்கமிருந்து முன்பக்கம் இழுத்தால் போதும். இரும்புக் கம்பியை விட்டுக் குடையாதீர்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். தடுக்கும் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும். ஸ்பிரிங்கை ஏற்றியபடியே வைக்காதீர்கள், தளர்ந்துவிடும். பெல்லட் போடும்போது மடங்கிய குழலை மறு கையால் இறுகப் பிடித்திருங்கள். கொக்கி நழுவினால் குழல் படாரென்று மூடி விரலைப் பதம் பார்த்துவிடும். வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். பூட்டைக் கழற்றியதும் முகத்தில் பாயும்.

பிள்ளைகள் சுடும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். குறி பலகையில்தான், குருவி, கொக்கு மேல் அல்ல. அது சட்டப்படியும் குற்றம்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, எண்ணெயைத் துடைத்து, சீல் மாற்றி வாங்கிய பிறகு மருமகன் மறுபடி போன் செய்தான். "மாமா, பழைய பவர் இல்லை."

"பெல்லட் ஒரே இடத்துல விழுதா?"

"விழுது."

10 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். "அங்கே போய்ச் சேர சத்தம் உதவாதுடா" என்றேன்.