‘சரி’ என்ற ஒரு சொல்லுக்கு ஈராண்டுக் கடனா?

சம்பள நாள் நெருங்கினால் தவணைக்காரர்கள் தோட்டத்துக்குள் நுழைவது பழைய கதை. சேலை, பாத்திரம், தையல் இயந்திரம் என்று கொண்டு வந்து லயத்து வாசலில் இறக்குவார்கள். வேண்டாமென்றால் கதவைச் சாத்திவிடலாம். வாங்கினாலும் ஆளின் முகம் தெரியும். சாமான் சரியில்லையென்றால் அடுத்த மாதம் நிறுத்தி வைத்து நாலு வார்த்தை கேட்கலாம். இப்போது வருகிற தவணைக்காரருக்கு முகமே இல்லை. வேலை முடிந்து வந்து அலுத்துக் கிடக்கும் நேரத்தில் கைப்பேசி அடிக்கிறது. “அக்கா, உங்க நம்பரைத் தேர்ந்தெடுத்திருக்கோம். இன்னைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ஐ.சி. நம்பரைச் சொல்லுங்க, ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

பேசுகிறவர் மூச்சு விடாமல் பேசுகிறார். பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவே கொஞ்சம் தமிழ். ஆளை விட்டால் போதுமென்று நம்மவர் ‘சரி, சரி’ என்கிறார். பேச்சு முழுவதும் பதிவாகிவிடுகிறது. அடுத்த மாதம் பில் வந்த பிறகுதான், வேண்டும்போது காசு போட்டுப் பேசிக்கொண்டிருந்த அதே நம்பர் மாதக் கட்டணத்துக்கு மாறிவிட்டது என்பதும், அது 24 மாத ஒப்பந்தம் என்பதும் தெரிய வருகின்றன.

இதில் என்ன பெரிய தொகை என்று கேட்போர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 98 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 24 மாதத்துக்கு 2,352 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது 2025 பிப்ரவரியில். உயர்ந்தது 200 வெள்ளி. அதில் ஏறக்குறைய பாதியை இந்த ஒரு பில்லே விழுங்கிவிடும். சங்கம் போராடி வாங்கித் தருவதை ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டே நிமிடத்தில் பறித்துக்கொள்கிறதென்றால், அதைச் சில்லறை விஷயம் என்று நம்மால் தள்ளிவிட முடியவில்லை.

சேர்வதற்கு இரண்டு நிமிடம். விலகுவதற்கோ? கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று யந்திரம் பேசுகிறது. கடைசியில் ஓர் ஆள் கிடைத்தால், அடையாளக் கார்டோடு பட்டணத்துக் கிளைக்கு நேரில் வரச் சொல்கிறார். ஒரு நாள் பேர் போகிறது, வண்டிச் செலவு வேறு. அங்கே போனால், மிச்சமிருக்கும் மாதங்களுக்குத் தண்டம் கட்டு என்கிறார்கள். சேர்க்கும்போது மட்டும் வாய்ச்சொல் போதும், விலகும்போது ஆளே நேரில் வர வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இந்த அலைச்சலுக்குப் பயந்து சிலர், ‘சனியன் ஒழியட்டும்’ என்று சிம் கார்டை ஒடித்து எறிந்துவிட்டு வேறு நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். இதைத்தான் செய்யவே கூடாது. கார்டு ஒடிந்தாலும் பில் ஒடிவதில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போகும், வக்கீல் நோட்டீஸ் வரும், பெயர் கடன் பதிவேட்டிலும் ஏறலாம். பிறகொரு நாள் மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனால், அங்கே கையை விரிப்பார்கள்.

‘சரி என்று சொல்லிவிட்டோமே, இனி என்ன செய்வது’ என்று தலை குனிய வேண்டியதில்லை. பொய்யான தகவலைச் சொல்லிப் பெற்ற சம்மதத்தை ரத்து செய்ய, ஏமாந்தவருக்கு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. வாங்குபவருக்கு எவ்வளவு விளங்கியது, நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தனவா, படித்தால் புரியும்படி இருந்தனவா என்பதையெல்லாம் கவனிக்கச் சொல்கிறது அது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவைத் தொழிலாளர்கள் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் முறித்துக்கொண்டால், முழு ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு, கையில் வைத்துக்கொண்ட பொருளின் விலை, அதுவரை பயன்படுத்திய சேவைக்கான கட்டணம் ஆகியவற்றைத்தான் கேட்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. நாம் சொன்ன 2,352 வெள்ளியில் 5 விழுக்காடு என்பது 117 வெள்ளி 60 காசு. மிச்ச மாதம் அத்தனைக்கும் கட்டு என்று மிரட்டுகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேட்கலாம்.

ஆனால் வாயால் கேட்டால் எடுபடாது, எழுத வேண்டும். பில்லோ கார்டோ வந்த அன்றே எழுதுவது உத்தமம். புதுக் கார்டு வந்திருந்தால் கைப்பேசியில் போடாமல் அப்படியே வையுங்கள். மலாயில் நாலே வரி போதும். எந்தத் தேதியில் அழைப்பு வந்தது, எதைச் சொல்லாமல் மறைத்தார்கள், இந்த ஒப்பந்தம் வேண்டாம், அன்று பேசிய ஒலிப்பதிவை அனுப்புங்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதிக் கொடுக்கும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். ஒலிப்பதிவைக் கேட்டாலே பல இடங்களில் குரல் இறங்கிவிடும் என்பது நம் எண்ணம்.

அதற்கும் மசியாவிட்டால் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றமும் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் திரிபுனல் துந்துதான் பெங்குனா என்று போட்டிருக்கும். 5 வெள்ளி கட்டி முதலாம் எண் பாரத்தை நிரப்பினால் போதும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம்.

அந்தப் பக்கத்தில் பேசுகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆள் பிடித்தால்தான் கமிஷன் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. திருந்த வேண்டியது நிறுவனமே. வீடு வீடாகப் போய் விற்பவரிடம் செய்த ஒப்பந்தத்தை யோசித்து விட்டுவிட 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் பத்து வேலை நாள் கொடுக்கிறது. தொலைபேசி நிறுவனங்களும் வாதாடாமல், தாமாகவே அந்த அவகாசத்தைக் கொடுக்கட்டும். எழுத்து மூலம் சம்மதம் வரும்வரை பில் போடக்கூடாது என்று ஆணையம் கண்டிப்பாக உத்தரவிட வேண்டும்.

தொழிற்சங்கக் கிளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. சம்பள நாளுக்கு மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இத்தகைய பில்களோடு வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் என்ன? இன்று பிரட்டுக் களத்தில் நிற்போரில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் ஏராளம். அவர்களையும் இந்த அழைப்புகள் விடுவதில்லை. அவர்களுக்கும் சேர்த்தே எழுதிக் கொடுக்கலாம், கடிதம் மலாயில்தானே.