சாகும் வரை ஓசி! டிஸ்னிலேண்ட் ஆயுள் பாஸ் யாருக்குக் கிடைத்தது?

1955-ல் 1 டாலர். 2024-ல் கூட்டம் அலைமோதும் நாட்களில் 200 டாலருக்கு மேல்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் அனஹெயிம் நகரில் இருக்கும் டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவின் டிக்கெட் விலை இது. ஒரு குடும்பம் போய் வந்தால் பர்ஸ் காலி.

அதே வாசலில், காலணா கொடுக்காமல் ஆயுள் முழுவதும் போய் வரலாம் என்று பாஸ் வாங்கியவர்களும் உண்டு. அது கவுண்டரில் விற்கும் சரக்கு அல்ல. மனுப் போட்டாலும் வராது. பொதுமக்களில் அதைப் பெற்றவர்கள் மிக மிகச் சிலர்.

அவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

கள்ள டிக்கெட்

மிக்கி மவுசை உருவாக்கிய சினிமா அதிபர் வால்ட் டிஸ்னி, 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பூங்காவைத் திறந்தார். அன்று அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் கள்ள அழைப்பிதழ் அச்சடித்து விட்டார்கள்! எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கூட்டம். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு தரையில் புதைந்தது. ஓசி பாஸ் என்றால் எங்கே போனாலும் இதே கதைதான் போலிருக்கிறது.

மறுநாள் ஜூலை 18. பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முதல் டிக்கெட்டை 1 டாலர் கொடுத்து வாங்கியவர் வால்ட் டிஸ்னியின் அண்ணன் ராய். சொந்த வீட்டுக்காரர், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாவது டிக்கெட் 22 வயது கல்லூரி மாணவர் ஒருவருக்கு. அதிகாலை 2 மணிக்கே மோட்டார் சைக்கிளில் வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அவர். உள்ளே போனாரே தவிர, எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. வகுப்புக்கு நேரமாகி விட்டதாம்! அவருக்கு ஆயுள் பாஸ் கிடைத்தது.

5 வயதுச் சிறுமி, 7 வயதுச் சிறுவன் இருவரையும் வால்ட் டிஸ்னியோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர்களுக்கும் ஆயுள் பாஸ்.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி புளோரிடாவில் பெரிய பூங்கா திறந்தபோதும் இதே முறைதான். அப்பா, அம்மா, இரண்டு பையன்கள் கொண்ட ஒரு குடும்பத்தை "முதல் குடும்பம்" என்று தேர்ந்தெடுத்து பாஸ் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே!

மதிப்பு கூடியது எப்படி?

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1955-ல் அந்த 1 டாலர் வாசல் கட்டணம் மட்டும்தான். ராட்டினம், ரெயில், படகு எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. ஆகவே அன்று வாசல் இலவசம் என்பது பெரிய சலுகை அல்ல. கம்பெனிக்கு நஷ்டமும் இல்லை.

1982-ல் சீட்டுப் புத்தகத்தை ஒழித்து விட்டார்கள். வாசலில் ஒரே டிக்கெட், உள்ளே எல்லாம் அதில் அடக்கம் என்று ஆனது. அன்று முதல் வாசல்தான் எல்லாமே. விலையும் ஏறிக்கொண்டே போனது. பாஸ் அதேதான், மதிப்பு மட்டும் பல மடங்கு!

அப்படியானால் இதை ஏன் விலைக்கு விற்கக் கூடாது? மொத்தமாகப் பணம் வருமே என்று கேட்கலாம். விற்றுப் பார்த்த ஒரு கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

விமானக் கம்பெனி பட்ட பாடு

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1981-ல் இரண்டரை லட்சம் டாலருக்கு ஆயுள் பாஸ் விற்றது. முதல் வகுப்பில் எங்கு வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பறக்கலாம். கம்பெனிக்கு அப்போது பண முடை. கையில் ரொக்கம் வந்தால் போதும் என்று இருந்தது.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று பறந்தார்கள். ஒருவர் மட்டும் 10 ஆயிரம் தடவைக்கு மேல்! அவரால் 2 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. விலையை உயர்த்திப் பார்த்தார்கள். 1994-ல் விற்பனையையே நிறுத்தினார்கள். 2008-ல், வேறு பெயர்களில் இடம் பிடித்து வைத்தார் என்று சொல்லி அவருடைய பாசை ரத்து செய்தார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

ஆக, நாலைந்து பேருக்குச் சும்மா கொடுத்த பாஸ் கம்பெனிக்கு விளம்பரம். காசுக்கு விற்ற பாஸ் தீராத கடன். கடன்காரனைக் கண்டால் யாருக்குத்தான் முகம் மலரும்?

"எந்த நாளும்" என்றார்கள்

டிஸ்னிலேண்டும் காசுக்கு விற்பது உண்டு. ஆயுளுக்கு அல்ல, ஆண்டுக்கு. 2021-ல் 1,399 டாலருக்கு ஒரு பாஸ் போட்டார்கள். "தடை நாளே கிடையாது" என்றார்கள். ஆனால் வருவதற்கு முன்பு பதிவு செய்ய வேண்டும். பாஸ்காரர்கள் பதிவு செய்யப் போனால் இடம் இல்லை! அதே நாளுக்கு அன்றாட டிக்கெட் மட்டும் கிடைக்கிறது என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். டிஸ்னி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 2023-ல் 95 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. பங்கு ஒரு லட்சம் பேருக்கு மேல். வக்கீல் பீஸ் எல்லாம் போகத் தலைக்குக் கிடைத்தது 67 டாலர் சொச்சம்.

இதுதான் வயிற்றெரிச்சல். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்தவனுக்கு நிபந்தனை. படத்துக்கு நின்றவனுக்கு ராஜ மரியாதை!

ஆயுள் பாஸ் என்றால் யாருடைய ஆயுள் என்பதும் ஒரு கேள்வி. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு என்று பெரிய பூங்கா இருந்தது. 2005-ல் மூடி, இடித்து, தரைமட்டமாக்கி விட்டார்கள். இருக்கிற பூங்காவிலும் உள்ளே போவதுதான் இலவசம். டிஸ்னிலேண்டில் கார் நிறுத்த 1955-ல் 25 சென்ட், 2023-ல் 35 டாலர். வரிசையில் நிற்காமல் முந்திப் போக வேண்டுமா? அதற்குத் தனிக் காசு.

காசுக்கு விற்றும் சொல் தவறாத பாஸ் ஒன்று அங்கேயே இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசியப் பூங்காக்களுக்கு 62 வயதானவர்கள் வாங்கும் ஆயுள் பாஸ். பல வருஷம் 10 டாலருக்குக் கொடுத்தார்கள். 2017 ஆகஸ்டு 28-ந் தேதி முதல் 80 டாலர் என்று அறிவித்ததும் கிழவர்களும் கிழவிகளும் ஓடி வந்து வாங்கிக் குவித்தார்கள். அன்று 10 டாலருக்கு வாங்கியவர்களிடம் மீதி 70-ஐக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. பழைய கார்டு அப்படியே செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.