வட்டியில்லாக் கடனின் வட்டி

"வரவறிந்து செலவு செய்தால் கடன் வராது" என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்ய இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பாங்கு அதிகாரி சொல்கிறார். மகளிர் குழுவுக்கு வகுப்பு நடத்த வருகிறவரும் அதையேதான் சொல்கிறார். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு எழுத வேண்டுமாம். எழுதுவது நல்லதுதான். ஆனால் வரவுப் பக்கத்தில் எந்தத் தேதியில் எதை எழுதுவது என்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு தாயைக் கேட்டுப் பாருங்கள்!

மில் தொழிலாளிக்குச் சம்பளத் தேதி என்று ஒன்று உண்டு. போதாத சம்பளம்தான், ஆனாலும் தேதி உண்டு. விவசாயக் கூலிக்கு நடவும் அறுப்பும் எப்போது வரும் என்று ஓரளவு தெரியும். ஏரியை நம்பிய குடும்பத்துக்கு இரண்டும் இல்லை. அங்கே இருப்பது 'பாடு' முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் இறால் விழும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். தன் முறை வந்த நாளில்தான் அங்கே வலை கட்டலாம். அன்றைக்கு நீரோட்டம் சரியாக இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, கடலையும் ஏரியையும் சேர்க்கும் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். இறால் குஞ்சு கடலிலிருந்து அந்த வாய் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கிறது. கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டால் வலையில் தண்ணீர்தான் மிஞ்சும். கடல் தொழிலுக்குப் போகலாம் என்றாலோ, ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவனுக்கும் வேலை இல்லை.

செலவுப் பக்கமோ நாள் தவறுவதில்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து நிற்கிறது. காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் படிப்புச் செலவு, கிழிந்த வலைக்கு நூல், என்ஜினுக்கு எண்ணெய் எல்லாம் தத்தம் நாளில் வருகின்றன. வரவுக்குத் தேதி இல்லை, செலவுக்குத் தேதி உண்டு. இந்த இடைவெளியில்தான் கடன்காரன் குடியேறுகிறான். இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது?

முதலில் வருகிறவன் தண்டல்காரன். தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்குக் காலையில் ஏலத்தில் எடுக்க முதல் வேண்டும். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பான். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்பான். இல்லை அம்மா! நாளுக்கு நாள் நீங்கள் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். ஐம்பதாவது நாளில் ஏறக்குறைய பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது. கணக்குப் போட்டால் வருஷ வட்டி நூற்றுக்கு 120க்குக் குறையாது. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, தண்டல்காரன் வாசலில் நிற்கிறான். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்குளித்து மாண்டது அந்தச் சட்டம் பிறந்து 14 வருஷம் கழித்துத்தான்.

இரண்டாவது ஆள் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி. இவன் மிரட்டுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரியை மிரட்ட வைக்கிறான். ஒருத்தி தவணை தவறினால் குழுவே கட்ட வேண்டும். தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டு வாழும் ஊரின் ஒற்றுமையைத் தன் வசூலுக்கு ஆளாகப் பிடித்துக்கொண்டான் பார்த்தீர்களா! (பாடு முறையில் பெண்களுக்கும், கையால் இறால் பொறுக்கும் இருளர் மக்களுக்கும் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

இவர்களுக்கு ரிசர்வ் பாங்கு 2022 ஏப்ரல் முதல் வைத்திருக்கும் விதிகளைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டி விவரத்தைப் புரியும் பாஷையில் எழுதித் தர வேண்டும். ஒரு கம்பெனியின் தவணைக்காக இன்னொரு கம்பெனியில் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவரைத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆள்தான் மிகவும் நல்லவர், இறால் வியாபாரி! படகுக்கும் வலைக்கும் அவரே முன்பணம் கொடுக்கிறார், வட்டியே கேட்பதில்லை. பிடித்ததை அவரிடமே போட வேண்டும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு 50,000 ரூபாய் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்குச் சந்தை விலையைவிட 50 ரூபாய் குறைத்துப் போடுகிறார். வருஷத்தில் 600 கிலோ கொடுத்தால் 30,000 ரூபாய் போயிற்று. நூற்றுக்கு 60 வட்டி! அசல் 50,000 அப்படியே நிற்கிறது. அடுத்த வருஷமும் நிற்கும்.

இந்த விஷயம் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளில் முன்பணம் வாங்கிச் சிக்கிய இருளர் குடும்பங்களின் கதையை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. அங்கே உழைப்பைக் கட்டிப் போட்டார்கள், இங்கே உழைப்பில் விளைந்த சரக்கைக் கட்டிப் போடுகிறார்கள். 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கடனுக்கு ஈடாகத் தன் உழைப்பின் பலனைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பதையும் அது கொத்தடிமையின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட கடன் செல்லாது என்றும் சொல்கிறது. ஏரிக்கரையில் இந்தப் பிரிவை ஏன் யாரும் வாய் திறந்து வாசிப்பதில்லை?

தடை போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அங்கே 2010 அக்டோபரில் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டு, வாராவாரம் வசூல் கூடாது, வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றது. நியாயமான சட்டம்தான். கம்பெனிகள் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே! மாற்றுக் கடன் இல்லாத வீட்டில் பழைய லேவாதேவிக்காரன்தான் மறுபடி கதவைத் தட்டுவான்.

மாற்று இல்லாமலும் இல்லை. 2018-19 மத்திய பட்ஜெட்டில் கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் நீட்டினார்கள். வட்டி 7 சதவிகிதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவிகிதம். 4 எங்கே, 120 எங்கே! அந்த அட்டை உங்கள் குப்பத்தில் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சொந்தப் படகு இல்லாதவன், கூடைக்காரி, கையால் இறால் பொறுக்கும் இருளர் பெண் ஆகியோரை பாங்குக்காரர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் பிறந்தது திரூரில், இதே திருவள்ளூர் ஜில்லாவில். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த யோசனை ஏரிக்கரையின் தண்டல்காரனைத் துரத்தவில்லை. மீனவர் வரவு ஏறி இறங்கும் என்பது சர்க்காருக்குத் தெரியாததா? சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில சர்க்கார்கள் 3,000 சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் 4,500 ஆகத் தருகின்றன. அதே புத்தியைக் கடனுக்கும் காட்டட்டும். பாடு வரும் மாதத்தில் தவணை, முகத்துவாரம் மூடிய மாதத்திலும் தடைக்காலத்திலும் தவணை இல்லை. வியாபாரியின் முன்பணத்தை மீனவர் கூட்டுறவுச் சங்கமே அடைத்துவிட்டு, இறாலை ஏலத்தில் விற்றுப் பணத்தைக் கையில் கொடுக்கட்டும். இதைக் கேட்டு மனு எழுத வேண்டிய நேரம் தடைக்காலம் முடிந்த பிறகு அல்ல. ஏப்ரல் 15-க்கு முன்பு, தைக்கும் பங்குனிக்கும் நடுவில்.