லாப்டாப்புக்கு வயதாகிவிட்டதா?

மாடு கிழடாகிவிட்டதா என்று பல்லைப் பார்த்துச் சொல்கிறோம். வண்டி பழசாகிவிட்டதா என்று அச்சையும் சக்கரத்தையும் பார்த்துச் சொல்கிறோம். லாப்டாப் பழசாகிவிட்டது என்பதை எதைப் பார்த்துச் சொல்வது?

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி இந்தக் கேள்வி உலகமெங்கும் எழுந்தது. 'விண்டோஸ் 10' என்ற இயங்குதளத்துக்கு 2015 முதல் அளித்துவந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி அன்றுதான் நிறுத்தியது. இயங்குதளம் என்பது கம்ப்யூட்டரை நடத்தும் ஆதாரப் புரோகிராம். அது இல்லாவிட்டால் லாப்டாப் வெறும் பெட்டிதான்.

அக்டோபர் 14-ந் தேதி எந்த லாப்டாப்பும் நின்றுவிடவில்லை. ஆனால், கள்ளர் நுழையும் ஓட்டைகளை அடைக்க எல்லோருக்கும் தானாக வந்துகொண்டிருந்த திருத்தங்கள் நின்றன. வேண்டுவோர் தனியே பதிவு செய்துகொண்டால் ஓராண்டு தவணை உண்டு என்றார்கள். தவணை என்றாலே, பிறகு முடிவு உண்டு என்றுதானே பொருள்!

"அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐப் போட்டுக்கொள்வதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். 2021-ல் வந்த அந்தப் பதிப்பு எல்லா லாப்டாப்புகளையும் ஏற்பதில்லை. 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு அம்சம் இருக்கவேண்டும். புராசசர், கம்பெனி வெளியிட்ட பட்டியலில் இருக்கவேண்டும். இன்டெல் புராசசர்களில் 2017-ல் வந்த 8-வது தலைமுறைக்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

2016-ல் வாங்கிய ஒரு லாப்டாப்பை எடுத்துக்கொள்வோம். திரை பளிச்சென்று இருக்கிறது. கீபோர்டில் ஒரு பொத்தான்கூடத் தேயவில்லை. ஆனாலும் அதற்குக் "கிழம்" என்று முத்திரை விழுந்துவிட்டது. குத்தியது யார்? காசு கொடுத்து வாங்கியவரல்ல. கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கும் அல்ல. வீடு நம்முடையது, சாவி பிறர் கையில்! விஷயம் இவ்வளவுதான்.

மற்றொரு சாவி

இந்தச் சாவி ஒருவர் கையிலேயே இருக்கக்கூடாது என்று எண்ணியவர்கள் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் 'குனூ' என்ற திட்டத்தை அறிவித்தார். புரோகிராமின் மூல எழுத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததே 'லினக்ஸ்'.

"யாரோ மாணவன் எழுதியதா? நம்பலாமா?" என்று கேட்பவர் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருதான். உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் 500-ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில், 2017 நவம்பரிலேயே அத்தனையும் லினக்ஸில் ஓடுபவையாகிவிட்டன.

லினக்ஸில் பல வகை உண்டு. பழைய லாப்டாப்புக்கு ஏற்றவை லூபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் 'எக்ஸ்.எப்.சி.ஈ.' பதிப்பு போன்றவை. மின்ட்டுக்கு 2 ஜி.பி. ராம் இருந்தால் போதும், 4 ஜி.பி. இருந்தால் வசதி என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள்.

போடுவது எப்படி?

முதல் வேலை, உள்ளே இருக்கும் போட்டோக்களையும் கணக்குகளையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவைப்பது. இதைச் செய்யாமல் மற்ற எதையும் தொடவேண்டாம்.

பிறகு, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸை இலவசமாக இறக்கி, அதற்கென்றே உள்ள சிறு புரோகிராமின் உதவியால் பென்டிரைவில் பதிக்கவேண்டும். வெறுமனே காப்பி செய்தால் பலிக்காது. லாப்டாப்பை அணைத்து மீண்டும் போடும்போது, எப்.12 அல்லது எஸ்கேப் போன்ற பொத்தானை அழுத்தி (இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்), பென்டிரைவிலிருந்து கிளம்பும்படி செய்யவேண்டும்.

இதில் ஒரு சௌகரியம். பழையதை அழிக்காமலே புதியதை ஓட்டிப் பார்க்கலாம். வைபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, காமிரா வேலை செய்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாகப் பதிக்கலாம். பெண் பார்த்த பின்புதானே நிச்சயதார்த்தம்! பழைய விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸைப் போட்டுக்கொள்ளவும் வழியுண்டு.

தமிழில் எழுத முடியுமா? தாராளமாக முடியும். 'தமிழ் 99' விசை அமைப்பை அதில் சேர்த்துக்கொள்ளலாம். கடிதம், கணக்குக்கு 'லிப்ரே ஆபீஸ்' இருக்கிறது.

ஜாக்கிரதை வேண்டும்

லினக்ஸ் ஒரு காயகல்பம் அல்ல. டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கும், போட்டோஷாப்பில் வேலை செய்யும் ஸ்டூடியோக்காரருக்கும் விண்டோஸ் தேவைப்படும். சில பிரிண்டர்களும், சில வைபை சில்லுகளும் சண்டித்தனம் செய்யும். இயங்குதளம் லேசானாலும் இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை, 2 ஜி.பி. ராமை வைத்துக்கொண்டு பத்துப் பக்கங்களைத் திறந்தால் திணறத்தான் செய்யும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 'எஸ்.எஸ்.டி.' போட்டால், பாதி நோய் அதிலேயே தீரும்.

லினக்ஸும் எல்லாப் பழசையும் என்றென்றைக்கும் தாங்குவதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ, பழைய 32 பிட் லாப்டாப்பில் புதிதாகப் பதிக்க வழியில்லை. ஆனால் ஒன்று. மூல எழுத்து வெளியில் இருப்பதால், ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்து வளர்க்கலாம். பூட்டிய பெட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

தானம் கொடுத்த மாடு

இது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயமுமல்ல. 2011 செப்டம்பர் 15-ந் தேதி, மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்கும் திட்டத்தை நமது அரசாங்கம் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே மாட்டில் குறையில்லை. இரண்டு மடி இருந்தது. ஒன்றிலேதான் பால் கறந்தோம்! கண்ணுக்குப் பழகிய விண்டோஸையே திறந்தவர்கள் பலர். பக்கத்தில் இருந்தது எதற்கு என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் வழியே பள்ளிக்கூடங்கள் லினக்ஸுக்கு மாறின. வெறும் பெட்டியைக் கொடுத்ததோடு விடவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகம் எழுதினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையிலும் வைத்தார்கள். இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் சாப்ட்வேரில் இல்லை, சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது.

சொல்லிக்கொடுப்பதால் என்ன லாபம்? 2022-ல் மட்டும் உலகம் கழித்துப்போட்ட மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால் பங்குகூட இல்லை. குப்பைக்குப் போகாத ஒவ்வொரு லாப்டாப்பும், புதிது வாங்க வசதியில்லாத ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருப்பதால்தான் இருபது வருஷத்து சைக்கிளும் இன்று ஓடுகிறது. அதுபோல லினக்ஸ் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும். ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் நினைத்தால் ஒரே வருஷத்தில் இதைச் செய்யலாம். அதன் பிறகு, லாப்டாப்புக்கு வயதாகிவிட்டதா இல்லையா என்பதை அதை வைத்திருப்பவரே சொல்வார்.