பாட்டனார் பெயரும் சங்கத்துப் பழைய ஏடும்

தம் குடும்பம் எங்கிருந்து வந்தது, முன்னோர் யாவர் என்று அறியும் ஆர்வம் நம் அங்கத்தினர்களிடையே பெருகி வருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பலர் கல்வெட்டிலிருந்து தொடங்குகிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைகள் குறிக்கப்பட்டிருப்பது உண்மை; நெசவுக் குலத்தார்க்கு அது பெருமை தருவதும் உண்மை. ஆனால் நம் பாட்டனாரின் தந்தை பெயர் யாது, அவர் எந்தத் தெருவில் தறி போட்டிருந்தார் என்பதற்குக் கல்வெட்டு விடை கூறாது. அவ்விடை பெரும்பாலும் நமது சங்கத்துப் பரண்மீது தூசி படிந்து கிடக்கிறது.

நிலமுடையவர்க்குப் பட்டா உண்டு. சார்பதிவகத்தில் கிரயப் பத்திரம் உண்டு. அப்பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இரண்டு மூன்று தலைமுறைகள்கூட எழுதப்பட்டிருக்கும். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்கள் பல மாறின. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விவசாய அங்கத்தினர் தம் வழியைப் பின்னோக்கித் தொடரலாம். வாடகை வீட்டில் பிறர் நூலை நெய்து கூலி பெற்றவருக்கு எந்தப் பட்டா இருக்கிறது? அவர் பெயரைத் தாளில் எழுதி வைத்தது பெரும்பாலும் சங்கம் ஒன்றுதான்.

கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. திரூரிலும் காஞ்சிபுரத்திலும் அவ்வாண்டிலேயே சங்கங்கள் எழுந்தன. அன்று முதல் அங்கத்தினராகச் சேர்ந்தவர் தந்தை பெயர், வயது, தொழில், இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்லியே சேர்ந்தார். கடன் பத்திரத்தைப் பாருங்கள்: தறி வாங்கவா, கிணறு வெட்டவா, மகள் திருமணத்துக்கா என்ற காரணம் இருக்கும். ஜாமீன் நின்றவர் பெயர் இருக்கும். அவர் பெரும்பாலும் மைத்துனராகவோ பங்காளியாகவோ இருப்பார். கைநாட்டு வைத்தவரின் மகன் அடுத்த பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பதையும் காணலாம். பிற ஏடுகளில் அருகியே காணப்படும் பெண்கள் பெயரோ, வாரிசு நியமனப் பத்தியிலும், இறந்தவரின் பங்குத் தொகையை விதவை பெற்றுக்கொண்ட ரசீதிலும் கிடைக்கிறது.

தேடுவோர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்குபவனே பெயரன். ஆகையால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். ஒரே தெருவில் நான்கு முருகேசர்களும் இருப்பார்கள். பெயரை மட்டும் நம்பினால் அயலார் பாட்டனாரை நம் பாட்டனாராக்கி விடுவோம். தந்தை பெயர், கதவு எண், ஜாமீன்தாரர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். ஏட்டில் கண்ட வயதைப் பெரிதாக நம்ப வேண்டாம், அது உத்தேசம். பிறப்புப் பதிவிலும் பெயரிடுமுன்பே பதிந்த குழந்தை வெறும் 'ஆண்' என்றோ 'பெண்' என்றோதான் நிற்கும். பெற்றோர் பெயரையும் ஊரையும் கொண்டே அதனை அறிய வேண்டும்.

இவ்வளவு பயனுடைய ஏடுகள் கெடு முடிந்ததும் பழைய காகிதமாக எடைக்குப் போவதை நாம் ஒப்பவில்லை. விதி அழிக்கலாம் என்கிறதேயன்றி, யாருக்கும் காட்டாமல் அழிக்க வேண்டும் என்று கூறவில்லை. நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுமுன் இரண்டு மாதமேனும் அறிவிப்புப் பலகையில் விவரம் ஒட்டட்டும். கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளக் காசு செலவில்லை.

தாத்தா பட்ட கடன் ஊருக்குத் தெரிய வேண்டுமா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. தவணை தவறியது, ஜப்தி வந்தது யாவும் அதே ஏட்டில் உள்ளன. ஆகவே அவரவர் குடும்பத்தார் அவரவர் பதிவை மட்டும், காரியதரிசியின் முன்னிலையில் பார்ப்பதே முறை. கடனுக்கு அஞ்சி ஏட்டை எரிப்பதை மட்டும் ஏற்பதற்கில்லை; கடன் பட்டவர் அதைக் கட்டித் தீர்த்த கணக்கும் அங்கேதானே இருக்கிறது!

பார்க்க வருவோர் வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ் புத்தகமோ பங்குச் சான்றிதழோ இருந்தால் உடன் கொண்டு வருக. அதில் அங்கத்தினர் எண் இருக்கும். எண் கிடைத்தால் ஏடு முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை.